காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகாத பழைய டீசல் ஹைலக்ஸ்

இஞ்சினுக்கு டீசல் அடிக்கும் இன்ஜெக்ஷன் பம்பைக் கழற்றக் கொடுக்காதீர்கள். காலையில் ஃபில்டர் தலையிலுள்ள கைப்பம்பை இருபது தரம் அமுக்கினால்தான் ஸ்டார்ட் ஆகிறது, பகலில் சாவி திருப்பியதும் பிடிக்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் டீசல் குழாய்க்குள் எங்கோ காற்று போகிறது. இரவில் டீசல் மெல்லத் தாங்கிக்குத் திரும்பிவிடுகிறது.

தாங்கியிலிருந்து அந்தப் பம்புவரை உள்ளது டீசலை உறிஞ்சும் பக்கம் என்பதால், காற்று உள்ளே போனாலும் வெளியே சொட்டுக்கூடக் கசியாமல் இருக்கலாம். நான் முதலில் சந்தேகப்படுவது அந்தக் கைப்பம்பைத்தான். உள்ளே இருக்கும் றப்பர் வெடித்திருக்கும். என் வண்டியிலும் அதுதான். அமுக்கும்போது மட்டும் பம்பின் அடியில் டீசல் ஊறி, மாங்குளம் செம்மண் புழுதி அதில் ஒட்டிக் களியாகக் கிடந்தது.

1. ஃபில்டருக்கும் இன்ஜெக்ஷன் பம்புக்கும் நடுவில் ஒரு முழம் கண்ணாடிபோலத் தெரியும் டீசல் குழாயைப் பூட்டுங்கள். இரவு முழுக்க விட்டு, காலையில் கைப்பம்பைத் தொடுவதற்கு முன் பாருங்கள். குமிழியோ வெற்றிடமோ தெரிந்தால் காற்றுத்தான்.

2. அப்புறம், தாங்கிவரை உள்ள றப்பர் குழாய்களையும் கிளிப்புகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். வெடிப்பு விரலுக்குத் தெரியும்.

சோதனை முடிந்ததும் அந்தக் குழாயைக் கழற்றிவிடுங்கள், இஞ்சின் சூட்டில் இறுகிவிடும்.

குழாய் நிறைய டீசல் நின்றும் பிடிக்காவிட்டால் ஸ்டார்ட் ஆகுமுன் இஞ்சினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக்குகளைப் பாருங்கள். இன்னொன்று: போர்க்காலத்தில் டீசலுக்குத் தடை இருந்தபோது வண்டி மண்ணெண்ணெயில் ஓடியதா என்று பழைய உரிமையாளரிடம் கேளுங்கள். மண்ணெண்ணெயில் வழுவழுப்புக் குறைவு. அப்படி ஓடியிருந்தால் இன்ஜெக்ஷன் பம்பே தேய்ந்திருக்கலாம்.