2004 டெட்ராய்ட்: கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

சூப்பர் டீம்கள் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். பெரிய ஆட்டக்காரர்களை ஒரே அணியில் குவித்தால் கோப்பை வந்துவிடாது என்பதற்கு 2004 லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் கூடைப்பந்து அணியை உதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். அந்த வருட ஃபைனலில் அவர்களைத் தோற்கடித்த டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) பார்க்க ஆரம்பித்ததே அதற்குப் பல வருடங்கள் கழித்துத்தான். லேக்கர்ஸின் கார்ல் மலோனுக்குக் காயம், அவர்களின் இரண்டு பெரிய நட்சத்திரங்களான ஷாக் என்கிற ஷகீல் ஓ'நீலுக்கும் கோபி பிரையன்டுக்கும் சண்டை, அதனால் அடித்த அதிர்ஷ்டம் என்கிறார்கள் என் நண்பர்கள். எனக்கென்னவோ நட்சத்திரமே இல்லாத ஓர் அணி ஒற்றுமையால் ஜெயித்தது என்றுதான் தோன்றுகிறது. எது சரி? அந்த வெற்றிக்கு வரலாற்றில் என்ன இடம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எனக்கு இரண்டிலுமே உடன்பாடு இல்லை. உங்கள் நண்பர்கள் சொல்வதை முதலில் பார்த்துவிடலாம், அது சுலபம். என்பிஏ ஃபைனல் ஒரே ஆட்டம் அல்ல, முதலில் நான்கு ஆட்டம் ஜெயிக்கிற அணிக்குத்தான் கோப்பை. மலோனின் முழங்கால் போனது இரண்டாவது ஆட்டத்தில். முதல் ஆட்டத்தில், அதுவும் லாஸ் ஏஞ்சலஸில் சொந்த ரசிகர்கள் முன்னால், லேக்கர்ஸ் 75–87 என்று தோற்றார்கள். இரண்டாவது ஆட்டத்தில்கூட 2.1 விநாடி மிச்சம் இருக்கும்போது கோபி தூரத்திலிருந்து போட்ட த்ரீ பாயின்டர்தான் (மூன்று பாயின்ட் தரும் எறி) ஓவர்டைமுக்கு இழுத்துக்கொண்டு போய்க் காப்பாற்றியது. அதன் பிறகு டெட்ராய்டில் நடந்த மூன்று ஆட்டங்களிலும் தோல்வி; மூன்றாவதில் அவர்கள் எடுத்தது மொத்தமே 68. ஷாக்கும் கோபியும் முறைத்துக்கொண்டது அந்த வருடம்தான் தொடங்கியதா என்ன? அதே சண்டையோடுதான் 2000, 2001, 2002 என்று வரிசையாக மூன்று கோப்பை வாங்கினார்கள். 4–1 என்று முடிந்த ஒரு ஃபைனலை அதிர்ஷ்டம் என்று சொல்ல நிறையத் துணிச்சல் வேண்டும்.

இனி உங்கள் ஒற்றுமை. இது நம்ம பள்ளிக்கூடத்து நீதிக்கதை, கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஃபைனலை ஜெயித்தது ஒரு கணக்கு, அதைச் செயல்படுத்தக் கையில் இருந்த ஆட்கள். முதல் ஆட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஷாக் 34 பாயின்ட், 16 முறை எறிந்து 13 உள்ளே. கோபி 25. மிச்சம் உள்ள லேக்கர்ஸ் அத்தனை பேரும் சேர்ந்து 16! மலோன், கேரி பேட்டன் மாதிரிப் பெரிய பெயர்கள் எல்லோரும் அந்தப் பதினாறுக்குள் அடக்கம். அன்றைக்கு எல்லா அணிகளும் ஷாக் கையில் பந்து போனதும் இரண்டு பேரை, சில சமயம் மூன்று பேரை அவர் மேல் அனுப்பும். அவர் பந்தை வெளியே தள்ளுவார், காவல் இல்லாமல் நிற்கும் ஒருவர் நிதானமாக எறிவார், லேக்கர்ஸ் வண்டி ஓடும். பிஸ்டன்ஸ் அதைச் செய்யவில்லை. பெரும்பாலும் பென் வாலஸை ஒற்றையாக ஷாக்கிடம் விட்டுவிட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள் என்று இருந்துவிட்டார்கள். மற்ற நான்கு பேரும் தங்கள் ஆளை விட்டு நகரவில்லை. கோபியைக் காவல் காக்க டேஷான் பிரின்ஸ். ஒல்லியான உடம்பு, கைகள் மட்டும் முடிவே இல்லாமல் நீளும். கோபியை உள்ளே விடாமல் தூரத்திலிருந்து எறிய வைத்துக்கொண்டே இருந்தார், கோபியும் சளைக்காமல் எறிந்துகொண்டே இருந்தார், அன்று 27-க்கு 10, தொடர் முழுக்கவே சுமார் 38 சதவீதம்தான். நான்காவது ஆட்டத்தில் ஷாக் 36 பாயின்ட், 20 ரீபவுண்ட் (குறி தவறித் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்தார். அதிலும் தோல்வி. ஷாக்கைத் தடுக்காமலே லேக்கர்ஸைத் தடுக்கலாம் என்று கண்டுபிடித்தவர்களை ஒற்றுமையானவர்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்துவது அவர்கள் மூளைக்குச் செய்யும் அவமரியாதை.

நட்சத்திரம் இல்லை என்று சொல்கிறீர்கள். பென் வாலஸ் யார்? அந்த ஃபைனலுக்கு முன்பே இரண்டு முறை லீகின் சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர் விருது வாங்கியவர், பிறகு இன்னும் இரண்டு முறை வாங்கினார். 1996 டிராஃப்டில், அதாவது அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், ஒரு அணிகூட அவர் பெயரைச் சொல்லவில்லை. 2000-இல் டெட்ராய்டின் நட்சத்திரம் கிராண்ட் ஹில் ஆர்லாண்டோவுக்குப் போனபோது பதிலுக்கு டெட்ராய்ட் வந்த இரண்டு பேரில் ஒருவர், ஏதோ கணக்கை நேர் செய்வதற்காக வந்தவர் மாதிரிதான் எல்லோரும் பார்த்தார்கள். ஷாக் ஏழடி ஒரு அங்குலம், இவர் ஏட்டில் ஆறடி ஒன்பது. கோப்பையை முடித்த ஐந்தாவது ஆட்டத்தில் இவர் எடுத்தது 18 பாயின்ட், 22 ரீபவுண்ட். பாயின்ட் போடுகிறவரை மட்டுமே நட்சத்திரம் என்று எண்ணிப் பழகிவிட்டோம், அதனால்தான் இவர் நம் கண்ணில் படவில்லை. 2021-இல் ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது கூடைப்பந்து சாதனையாளர்கள் பட்டியலில், சேர்த்தார்கள்.

மற்றவர்களும் இதே மாதிரிதான். ஃபைனலின் சிறந்த ஆட்டக்காரரான சான்சி பில்லப்ஸ் 1997-இல் மூன்றாவதாக எடுக்கப்பட்டு, பாஸ்டன், டொரன்டோ, டென்வர், ஆர்லாண்டோ, மினசோட்டா என்று ஊர் ஊராகச் சுற்றி வந்தவர். முகமூடி போட்டு ஆடிய ரிச்சர்ட் ஹாமில்டனை வாஷிங்டன் விட்டுக்கொடுத்தது. ரஷீத் வாலஸ் பாதி சீசன் தாண்டி 2004 பிப்ரவரியில்தான் வந்தார், அதற்கு நடுவில் அட்லான்டாவுக்காக ஒரே ஒரு ஆட்டம் ஆடிய கூத்தும் உண்டு. அவர் வந்ததும் பென்னுக்குப் பக்கத்தில் உயரமான இன்னொரு ஆள் நின்றார், டிஃபென்ஸ் பூட்டிக்கொண்டது. அந்த வசந்தத்தில் தொடர்ந்து ஐந்து எதிரணிகளை 70 பாயின்டுக்குள் நிறுத்தினார்கள். இவர்களைச் சேர்த்தவர் ஜோ டூமர்ஸ், 1989-இல் இதே அணிக்காக ஃபைனலின் சிறந்த ஆட்டக்காரர் ஆனவர். (அதே மனிதர்தான் 2003 டிராஃப்டில் பின்னால் நட்சத்திரங்களான கார்மெலோ அந்தோணியையும் டுவைன் வேடையும் விட்டுவிட்டு, சோபிக்காமலே போன டார்க்கோ மிலிசிச்சை எடுத்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.)

கோச் லாரி பிரவுனின் மந்திரம் என்றும் சிலர் சொல்வார்கள். கல்லூரிக் கோப்பை, என்பிஏ கோப்பை இரண்டையும் வாங்கிய ஒரே கோச், மறுக்கவில்லை. ஆனால் ஜூன் 15-ஆம் தேதி கோப்பை வாங்கிய அதே மனிதர், சரியாக இரண்டு மாதம் கழித்து ஆகஸ்ட் 15-ஆம் தேதி ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸில் அமெரிக்க அணியின் கோச்சாக, டங்கன், ஐவர்சன், இளம் லெப்ரான் மாதிரி நட்சத்திரங்களை வைத்துக்கொண்டு போர்ட்டோ ரிக்கோவிடம் 73–92 என்று அடி வாங்கினார். கடைசியில் வெண்கலம்தான். மந்திரம் மட்டும் இருந்தால் போதாது, அதற்கேற்ற ஐந்து பேரும் வேண்டியிருக்கிறது.

வரலாற்றில் இடம் என்ன என்று கேட்டீர்கள். என் பார்வையில் அது ஒரு காலகட்டத்தின் கடைசிப் பெரிய வெற்றி. அந்த சீசனில் ஒரு அணியின் சராசரி ஆட்டத்துக்கு 93.4 பாயின்ட். லீகுக்கே அந்த வறட்சி பிடிக்கவில்லை. அடுத்த சீசனிலிருந்து, பந்தோடு வருகிறவர் மேல் கை வைத்து மறிப்பதைக் கறாராகத் தண்டிக்க ஆரம்பித்தார்கள், சராசரி 97.2 ஆனது, பிறகு ஏற்ற இறக்கத்தோடு மேலே போனது. பிஸ்டன்ஸுக்காகவே விதியை இறுக்கினார்கள் என்பது ரசிகர்களின் பெருமைப் பேச்சு, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் எதிரணியை மூச்சு முட்ட வைத்தே கோப்பை வாங்கும் வழி அதோடு குறுகிவிட்டது. அந்த அணி அப்படியொன்றும் மங்கிவிடவில்லை, 2005-இல் ஃபைனல் போய் ஸ்பர்ஸிடம் ஏழாவது ஆட்டத்தில்தான் தோற்றது. 2006-இல் 64 வெற்றி, நான்கு பேர் ஆல்-ஸ்டார் (லீகின் சிறந்தவர்கள் ஆடும் கண்காட்சி ஆட்டத்துக்குத் தேர்வானவர்கள்). 2004-இல் பென் ஒருவர்தான் ஆல்-ஸ்டார், அப்போது கோப்பை. நான்கு நட்சத்திரங்கள் இருந்த வருடம் மயாமியிடம் தோல்வி. அந்த மயாமியில் யார் இருந்தார் என்றால், நம்ம ஷாக்!

நீங்கள் பார்ப்பதாக இருந்தால் கடைசி ஆட்டம் வேண்டாம், அது பாதியிலேயே முடிந்த கதை. ஃபைனலுக்கு முந்தைய சுற்றில் இந்தியானாவுக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தைப் பாருங்கள். 72–67 என்ற ஸ்கோரைக் கண்டு பயப்பட வேண்டாம். கடைசி நிமிடத்தில் ரெஜி மில்லர் தனியாக ஓடிப் போய் சாவகாசமாகப் பந்தைப் போட எழும்புவார், ஆட்டம் சமன் ஆகப்போகிறது. பின்னாலிருந்து பிரின்ஸ் வருவார். அதைப் பார்த்துவிட்டு ஃபைனலின் முதல் ஆட்டத்துக்குப் போங்கள், ஷாக்கைப் பார்க்காமல் மற்ற நான்கு லேக்கர்ஸ் எங்கே நிற்கிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள்.