கேம் மட்டும் போதும், அரசியல் வேண்டாம்! வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் வேபாயிண்ட் விவகாரம் பற்றி எழுதியிருந்தேன். அது அமெரிக்காவின் வைஸ் நிறுவனத்துக்குச் சொந்தமான கேம் தளம். ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் பாலியல் காட்சிகள் உள்ள கேம்கள் சில நீக்கப்பட்டதற்குப் பின்னால் ஆஸ்திரேலியாவின் கலெக்டிவ் ஷவுட் என்ற அமைப்பு இருந்ததைப் பற்றி அங்கே கட்டுரைகள் வந்தன. 2025 ஆகஸ்டில் உரிமையாளர் தரப்பு அவற்றைத் தூக்கிவிட்டது. எழுதியவர் விலகினார், கூட வேலை பார்த்த சிலரும் விலகினார்கள். இதை எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: கேம் பகுதியில் அரசியல் எதற்கு? திட்டி எழுதியவர்களுக்கு இந்த முறை முன்னுரிமை.

அக்கா, ஆபீஸில் நாள் பூரா திட்டு வாங்கிவிட்டு வந்து ராத்திரி இரண்டு மணி நேரம் கேம் ஆடுகிறேன். அதைப் பற்றிப் படிக்க வந்தால் அங்கேயும் அரசியலா? கேம் எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுதினால் என்ன?
ரா.சு., சிவகாசி

நியாயம்தான் தம்பி. கேம் எத்தனை மணி நேரம் ஓடும், என் பழைய லேப்டாப்பில் திக்குமா, கொடுக்கிற காசுக்குத் தகுமா என்பதையெல்லாம் சொல்லாமல் கொள்கை விளக்கம் மட்டும் எழுதுகிற விமர்சனத்தை நானும் பாதியில் மூடிவிடுவேன்.

ஆனால் கேம் மட்டும் என்றால் எதுவரை? 'தி டிவிஷன் 2' எடுத்துக்கொள்ளுங்கள். கொள்ளைநோய் வந்து நிலைகுலைந்த வாஷிங்டன் நகரம். வெள்ளை மாளிகைதான் உங்கள் முகாம். அரசாங்கம் ரகசியமாக வைத்திருந்த படையின் ஆளாகத் துப்பாக்கியோடு தெருத்தெருவாகப் போகிறீர்கள். 2018-இல் பாலிகன் என்ற கேம் செய்தித் தளத்தின் நிருபர் இதில் உள்ள அரசியலைப் பற்றிக் கேட்டபோது, நாங்கள் அரசியல் கருத்து எதுவும் சொல்லவில்லை என்றார்கள் தயாரித்தவர்கள். வெள்ளை மாளிகையை முகாமாக்கிவிட்டு!

இதைவிட ருசியான கதை 'சிக்ஸ் டேஸ் இன் ஃபலூஜா'. 2004-இல் ஈராக்கின் ஃபலூஜா நகரில் நடந்த சண்டையை வைத்துச் செய்த கேம். எதிர்ப்புக்குப் பயந்து, அதை வெளியிடவிருந்த கோனாமி நிறுவனம் 2009-இல் கைகழுவியது. 2021-இல் வேறொரு நிறுவனம் அதைத் தூசி தட்டி எடுத்தது. போர் சரியா தவறா என்ற அரசியலுக்குள் போகப்போவதில்லை என்று அதன் தலைவர் பாலிகனிடம் சொன்னார். கண்டனம் கிளம்பியது. அடுத்த மாதமே, அந்த நிகழ்வுகளை அரசியலிலிருந்து பிரிக்க முடியாது என்று அதே நிறுவனம் அறிக்கை விட்டது. நிருபர் கேள்வி கேட்காமல் விட்டிருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது விளம்பர நோட்டீஸ் மட்டும்தான். ஈராக்கில் சுடுவது பொழுதுபோக்கு, ஏன் சுடுகிறோம் என்று கேட்பது அரசியல் என்ற கணக்கு எனக்குப் பிடிபடவே இல்லை.

ஆடும்போது யோசிக்காதீர்கள், தாராளமாக ஆடுங்கள். படிக்கிறபோது இரண்டு பத்தி பொறுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் எந்தக் கட்சி?
மு.க.வே., தேனி

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' என்ற போர் கேமில் 2022 முதல் திராவிடர்களும் இருக்கிறார்கள், ராஜேந்திர சோழன் படையெடுப்போடு. நான் இன்னும் பிரிட்டன்களோடுதான். அவர்களுடைய வில்லுக்கு எட்டும் தூரம் அதிகம்.

விமர்சகர்கள் தங்கள் கொள்கைக்காக மார்க்கைக் குறைப்பதால்தானே வாசகர்களுக்குக் கோபம் வருகிறது?
பி.ஜே., நாகர்கோவில்

மார்க் குறைந்தால்தான் கோபம் வரும் என்று யார் சொன்னது? 2013 செப்டம்பரில் கேம்ஸ்பாட் தளத்தில் கரோலின் பெட்டிட் 'ஜிடிஏ 5'-க்கு விமர்சனம் எழுதினார். கேமைக் கொண்டாடினார். அதில் பெண்களைக் காட்டியிருக்கும் விதம் கேவலமானது என்றும் எழுதினார். கொடுத்த மார்க் 10-க்கு 9. அந்த ஒரு மார்க்குக்காக அவரை வேலையை விட்டுத் தூக்கச் சொல்லி 20,000 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். அவர் திருநங்கை என்பதை இழுத்து வந்த வசைகள் தனி. நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிய பையனின் அப்பாகூடக் கணக்கு வாத்தியாரிடம் இப்படிச் சண்டைக்குப் போகமாட்டார்.

மேடம், கேம் பத்திரிகைகளுக்கு எதிராக 2014-இல் கிளம்பிய 'கேமர்கேட்' கலகத்தை வெறும் பெண் வெறுப்பு என்று ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள். பத்திரிகைக்காரர்களும் கேம் தயாரிப்பவர்களும் கூட்டு சேர்ந்திருந்தது பொய்யா? நேர்மை கேட்டது தப்பா?
பெயர் வேண்டாம், சென்னை

கூட்டு பொய்யில்லை. உங்களுக்கு ஆதரவான சாட்சியை நானே தருகிறேன். 2007-இல் கேம்ஸ்பாட் ஆசிரியர் குழுவில் இருந்த ஜெஃப் கெர்ஸ்ட்மன், 'கேன் அண்ட் லிஞ்ச்' கேமுக்கு 10-க்கு 6 போட்டார். அதே சமயம் அந்தத் தளம் முழுக்க அந்தக் கேமின் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நவம்பரில் அவருக்கு வேலை போனது. காரணத்தை அவர் வெளிப்படையாகப் பேச முடிந்தது 2012-இல்தான். விளம்பரம் தந்த கம்பெனிகளின் நெருக்கடியை நிர்வாகத்துக்குச் சமாளிக்கத் தெரியவில்லை என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். அன்றைக்கு வாசகர்கள் கொதித்தார்கள். கொதிக்க வேண்டிய விஷயம் அது.

2014 ஆகஸ்டில் கேமர்கேட் கொதித்தது எதற்கு? 'டிப்ரெஷன் குவெஸ்ட்' என்று ஒரு சின்ன கேம். முழுக்க எழுத்து. காசு கொடுக்காமலே ஆடலாம். அதைச் செய்தவர் ஸோயி குவின். அவருடைய முன்னாள் காதலர் கோபத்தில் ஒரு நீண்ட பதிவு எழுத, அதிலிருந்து ஒரு குற்றச்சாட்டு முளைத்தது. கொட்டாகு என்ற கேம் செய்தித் தளத்தின் நிருபர் ஒருவரோடு பழகி நல்ல விமர்சனம் வாங்கிவிட்டார் என்றார்கள். அந்த நிருபர் அந்த கேமுக்கு விமர்சனமே எழுதவில்லை. கொட்டாகு ஆசிரியர் ஸ்டீபன் டொட்டீலோ விசாரித்து அப்போதே இதைச் சொன்னார்.

நான் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் கணக்கு பார்க்கிறவள். தில்லுமுல்லு தேட வேண்டுமென்றால் பெரிய வவுச்சரிலிருந்து ஆரம்பிப்பேன். கோடிகளில் விளம்பரம் தரும் கம்பெனிகளை விட்டுவிட்டு, இலவச கேம் செய்த ஒருவரிடம் போய் ரசீது கேட்டது ஏன்? அந்த இடத்தில்தான் உங்களோடு நான் ஒத்துப்போகவில்லை.

நன்மையே விளையவில்லை என்றும் சொல்லமாட்டேன். கேம் தயாரிப்பவர்களுக்கு நிருபர்கள் பேட்ரியான் என்ற ஆதரவுத்தொகைத் தளத்தில் மாதாமாதம் பணம் கட்டக் கூடாது என்று கொட்டாகு விதி போட்டது. கட்டினால் வாசகரிடம் சொல்ல வேண்டும் என்றது பாலிகன். நல்ல விதிகள். உண்மையாகவே நேர்மையை நினைத்துச் சேர்ந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். ஆனால் அந்த அக்டோபரில், கேம்களில் பெண்கள் சித்திரிக்கப்படும் விதம் பற்றிப் பேசிவந்த அனிதா சர்க்கீசியன் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேசப்போகிறார் என்றதும், வந்தால் சுட்டுத் தள்ளுவோம் என்று மின்னஞ்சல் வந்தது. அரங்குக்குள் துப்பாக்கி கொண்டுவருவதைத் தடுக்க அந்த மாநிலச் சட்டத்தில் இடமில்லை என்றது போலீஸ். அவர் பேச்சை ரத்து செய்தார். இதில் பத்திரிகை தர்மம் எங்கே வருகிறது?

இன்னொன்று, இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். காமாசூத்ரா என்று ஒரு தளம். சிரிக்காதீர்கள், கேம் தயாரிப்பவர்களுக்கான தொழில்முறைத் தளம் அது, 2021-இல் 'கேம் டெவலப்பர்' என்று கௌரவமாகப் பெயரை மாற்றிக்கொண்டது. கேமர் என்ற பழைய பிம்பத்தின் காலம் முடிந்துவிட்டது என்று லீ அலெக்ஸாண்டர் அங்கே ஒரு கட்டுரை எழுதினார். கொஞ்சம் காரமான கட்டுரைதான். கோபம் வந்தவர்கள் ஆசிரியருக்கு எழுதி நிறுத்தவில்லை. அங்கே விளம்பரம் கொடுத்துக்கொண்டிருந்த சிப் கம்பெனியான இன்டெலுக்குக் கூட்டமாக மின்னஞ்சல் அனுப்பினார்கள். இன்டெல் விளம்பரத்தை நிறுத்தியது. அப்புறம் ஒரு பக்கம் சாய்ந்ததுபோல் தெரிந்துவிட்டதே என்று மன்னிப்புக் கேட்டது. நவம்பரில் விளம்பரம் திரும்பி வந்தது. விளம்பரதாரர் பத்திரிகையை வளைக்கிறார் என்று புகார் சொன்னவர்கள் கையில் எடுத்த ஆயுதம் எது, பார்த்தீர்களா?

நம் 'வெண்பா' கேமில் என்ன அரசியல் இருக்கிறது? இட்லியும் பிரியாணியும்தானே செய்கிறோம். அதைப் போய் விமர்சகர்கள் குடியேற்றம், அடையாளம் என்று இழுக்கிறார்கள்.
த.ந., ஸ்கார்பரோ, கனடா

நீங்கள் இருக்கும் ஊரில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்? கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் மகன் கவின் பள்ளிக்கூடத்தில் 'கெவின்' ஆகிறான். அம்மா தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். அப்பாவும் அம்மாவும் படிப்புக்கேற்ற வேலை இல்லாமல் அல்லாடுகிறார்கள். இட்லி வெந்துகொண்டிருக்கும்போது நடப்பதெல்லாம் இதுதான். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா தரும் சிறந்த அறிமுக கேம் விருதும் சுயாதீன கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவின் பெரிய பரிசும் ஆவி பறக்கும் இட்லிக்காக மட்டும் கிடைத்திருக்காது. நம்மைப் பற்றி எழுதினால் வாழ்க்கை, அடுத்தவரைப் பற்றி எழுதினால் அரசியல் என்று வைத்துக்கொள்வது வசதியாகத்தான் இருக்கிறது.

'ஹாக்வர்ட்ஸ் லெகஸி'க்கு ஒரு பத்திரிகை 10-க்கு 1 போட்டதே, அதையும் நியாயப்படுத்துவீர்களா?
ஹ.பே., மதுரை

மாட்டேன். திருநர் பற்றி ஹாரி பாட்டர் கதைகளை எழுதிய ரௌலிங் சொல்லிவரும் கருத்துகளால், அந்தக் கதைகளை வைத்துச் செய்த இந்தக் கேமையே தொடமாட்டோம் என்று சில விமர்சகர்கள் ஒதுங்கினார்கள். அது அவர்கள் உரிமை. வாங்கினால் பணம் யாருக்குப் போகிறது என்று சொல்லிவிட்டு விமர்சித்தவர்களும் உண்டு, அது எனக்கு இன்னும் பிடித்தது. வயர்டு பத்திரிகை போட்ட 10-க்கு 1 மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. கட்டுரையில் எழுதிய கோபம் கோபமாகவே நின்றிருக்கலாம், எண்ணாக மாறியதும் கேலிக்குரியதாகிவிட்டது. 2023-இல் மட்டும் 2.2 கோடி பிரதிகள் விற்றன. அந்த 1 யாரையும் நிறுத்தவில்லை.

விளம்பரத்தை நம்பாமல் வாசகர் சந்தாவிலேயே ஓடும் சுதந்திரத் தளங்கள் இப்போது வந்துவிட்டன. காசு கட்டுகிறவன் 'அரசியல் வேண்டாம்' என்றால் கேட்டுத்தானே ஆக வேண்டும்?
எஸ்.வி., ஓசூர்

காது கொடுத்துக் கேட்க வேண்டும். அதன்படி நடக்க வேண்டும் என்று இல்லை.

பழைய உதாரணம் ஒன்று. 2007-இல் பிரிட்டனில் நாலு பேர் சேர்ந்து 'ராக் பேப்பர் ஷாட்கன்' என்ற தளத்தைத் தொடங்கினார்கள். பிசி கேம் பிரியர்களுக்குச் செல்லப் பிள்ளை. பெண்களை இழிவாக நடத்துவது பற்றி அதில் எழுதத் தொடங்கியதும், இதை நிறுத்துங்கள் என்று வாசகர்கள் நச்சரித்தார்கள். 2013 ஏப்ரலில் நால்வரில் ஒருவரான ஜான் வாக்கர், நிறுத்தப்போவதில்லை என்று ஒரு நீண்ட கட்டுரையே எழுதினார். அதே வருஷம் நவம்பரில் அவர்களுடைய நிருபர் நேதன் கிரேசன், பிளிசார்டு கேம் நிறுவனத்தின் டஸ்டின் பிரவுடரிடம் கேமில் வரும் பெண்களின் உடை பற்றிக் கேட்டார். நாங்கள் என்ன ஜனாதிபதித் தேர்தலிலா நிற்கிறோம் என்கிற தோரணையில் பதில் வந்தது. செய்தி வெளியானதும் பிரவுடர் மன்னிப்புக் கேட்டார். வாசகர் வாக்கெடுப்பு வைத்திருந்தால் அந்தக் கேள்வியே கேட்கப்பட்டிருக்காது. 2017-இல் அந்தத் தளம் ஒரு பெரிய குழுமத்துக்கு விற்கப்பட்டது. கை மாறி மாறி 2024-இல் ஐஜிஎன் என்ற பெரிய கேம் ஊடகத்திடம் போய்ச் சேர்ந்தது.

இப்போதைய தளங்கள் பெரும்பாலும் வேலை போனவர்கள் கட்டியவை. கொட்டாகுவில் இருந்தவர்கள் 2023 நவம்பரில் 'ஆஃப்டர்மாத்' தொடங்கினார்கள். அதே மாதம் 'எஸ்கேப்பிஸ்ட்' தளத்தின் ஆசிரியர் நிக் கலாண்ட்ரா நீக்கப்பட, வீடியோ குழு கூடவே வெளியேறி 'செகண்ட் விண்ட்' ஆனது. பழைய வேபாயிண்ட் ஆட்கள் 'ரீமேப்' நடத்துகிறார்கள். வேலை போன கெர்ஸ்ட்மன் 2008-இல் தொடங்கிய 'ஜயண்ட் பாம்ப்' பல முதலாளிகளைப் பார்த்துவிட்டு, 2025-இல் அங்கே வேலை செய்தவர்களே வாங்கித் தங்களுடையது ஆக்கிக்கொண்டார்கள்.

இந்தச் சந்தாத் தளங்களில் உங்கள் கோபம் இன்டெல் வழியாகச் சுற்றி வர வேண்டியதில்லை. எழுதியவர் மேசைக்கே நேராகப் போகும். பிடிக்கவில்லையா, சந்தாவை நிறுத்துங்கள், மாதக் கடைசியில் அவருக்கே தெரியும். எனக்கு இது பிடித்திருக்கிறது. ஆனால் இதற்கும் ஒரு நோய் உண்டு. எதை எழுதினால் சந்தா ஏறுகிறது என்று சீக்கிரமே தெரிந்துபோகும். அதையே எழுதக் கை பழகிவிடும். அரசியல் வேண்டாம் என்பவர்கள் வெளியே போனபின், மிச்சம் இருப்பவர்கள் தலையாட்டுகிற கட்டுரைகள் மட்டும் வரும். சந்தா கட்டுவதற்கு முன்னால் நான் பார்ப்பது ஒன்றுதான். தன் சொந்தச் சந்தாதாரர்களுக்கே பிடிக்காத செய்தி ஒன்றையாவது அண்மையில் போட்டிருக்கிறார்களா? அப்புறம், ஸ்டுடியோக்களில் ஆட்குறைப்பு நடக்கும்போது தொழிலாளர்களிடம் பேசி எழுதுகிறார்களா? (இது ஒன்றா இரண்டா என்று ஓசூர்க்காரர் கணக்குக் கேட்க வேண்டாம்.)

குடும்பத்தோடு படிக்கும் பத்திரிகையில் ஆபாச கேம்களுக்கு வக்காலத்து வாங்குவது அழகா?
ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

ஐயா, அந்த கேம்களில் பலவற்றை நானும் வீட்டுக்குள் விடமாட்டேன். பெண்கள் மீதான பாலியல் வன்முறையையே ஆட்டமாக்கிய 'நோ மெர்சி' மீது கலெக்டிவ் ஷவுட்டுக்கு வந்த கோபம் எனக்கும் வரும். அது 2025 ஏப்ரலிலேயே ஸ்டீமிலிருந்து போய்விட்டது. நான் எழுதியது ஜூலையில் நடந்ததைப் பற்றி.

கலெக்டிவ் ஷவுட்காரர்கள் விசா, மாஸ்டர்கார்டு மாதிரியான பணப் பட்டுவாடா நிறுவனங்களுக்குத் திறந்த மடல் எழுதினார்கள். அந்த நிறுவனங்களின் விதிகளுக்கு ஒவ்வாத கேம் கூடாது என்று ஸ்டீம் புது விதி சேர்த்தது. சின்னத் தயாரிப்பாளர்களின் கடையான இட்ச், வயது வந்தோருக்கான கேம்கள் மொத்தத்தையும் தேடலிலிருந்து ஒரே இரவில் மறைத்தது. வன்முறையோடு சம்பந்தமே இல்லாதவையும் சேர்ந்தே மறைந்தன. கோர்ட் உத்தரவு இல்லை, அரசாணை இல்லை. உடனே ஆயிரக்கணக்கான கேமர்கள் விசாவுக்கும் மாஸ்டர்கார்டுக்கும் ஃபோன் போட்டு வாடிக்கையாளர் சேவையைத் திணறடித்தார்கள். கேமில் அரசியல் வேண்டாம் என்று எழுதிவந்தவர்களும் அந்த வரிசையில் நின்றிருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

ஜூலை முடியும்போது இட்ச் அந்த வகை கேம்களில் இலவசமானவற்றை மட்டும் மறுபடி தேடலில் காட்டத் தொடங்கியது. காசுக்கு விற்பவை காத்திருந்தன. இதையெல்லாம் யார், எந்த அழுத்தத்தில் முடிவு செய்தார்கள் என்று துருவிய கட்டுரைகளைத்தான் ஐயா வேபாயிண்டின் உரிமையாளர் தரப்பு தூக்கியது. அதற்குத்தான் வக்காலத்து வாங்கினேன், இன்னும் வாங்குவேன்.