மாயப் புனைவு ஓவியம் வரையப் பழகுகிறேன், மட்டக்களப்பில் இருக்கிறேன். முதலில் யாருடைய படங்களைப் பார்க்கலாம்?

என்னைக் கேட்டால், பிராங்க் ஃபிரசெட்டா (1928–2010). 1960களில் கோனன் என்ற வாள்வீரனின் கதைப் புத்தகங்களுக்கு அவர் தீட்டிய அட்டைகளுக்குப் பிறகு, வாளும் மந்திரமும் என்றாலே அவர் பாணிதான் என்றாகிவிட்டது. 1973இல் வரைந்த 'டெத் டீலர்' படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கொம்பு வைத்த தலைக்கவசத்துக்குள்ளே முகமே இல்லை, வெறும் இருட்டு. அதில் சிவப்பாய் இரண்டு கண்கள். பின்னணியைப் பாதியிலேயே கரைய விட்டிருப்பார். எல்லாவற்றையும் வரைந்து முடிக்கும் வியாதி நம்மில் பலருக்கு உண்டு, அதற்கு இதுதான் மருந்து.

இதே வகை ஓவியரான பொரிஸ் வயேகோ வரையும் தசைகள் எனக்குக் கொஞ்சம் எண்ணெய் பூசிய மாதிரி. பழகுவதற்கு, தேவதைக் கதைப் புத்தகங்களுக்குப் படம் வரைந்த ஆர்தர் ராக்கம் நல்லவர்: மெல்லிய மைக்கோடு, அதன்மேல் மங்கலான நீர்வண்ணம், முறுக்கிய மரவேர்கள். வாவிக்கரைக் கண்டல் வேர்களை அப்படி வரைந்து பாருங்களேன். அலன் லீ, ஜோன் ஹோவ் இருவரும் 'லோட் ஒஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீனின் உலகத்தை முதலில் தாளிலும் பிறகு திரைப்படத்துக்கும் வரைந்தவர்கள்.

இன்னொன்று. உங்கள் ஊர் வடமோடி நாட்டுக்கூத்தில் ராசா கூடைபோல விரிந்த கரப்புடுப்போடும் முடியோடும் களரிக்குள், அதாவது ஆடும் களத்துக்குள், வரும்போது ஒரு கொப்பியோடு போய் முன்னால் இருங்கள். ஃபிரசெட்டாவுக்கு அது கிடைக்கவில்லை.