ஃபாரகட்டுக்குக் கிடைத்ததும் கிடைக்காததும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

அமெரிக்கக் கடற்படையின் முதல் அட்மிரல் டேவிட் ஃபாரகட்டைப் பற்றிப் போன கட்டுரையில் உயர்வாக எழுதியிருந்தீர்கள். தேடிப் பார்த்தேன். அப்பா கடலோடி, வளர்த்தவர் போர்க்கப்பல் கேப்டன், 9 வயதிலேயே கடற்படையில் இடம். இது நாம் தினமும் பார்க்கிற வாரிசுக் கதைதானே? ஏணியை வீட்டிலேயே வைத்திருந்தவர் மேலே ஏறியதில் என்ன பெருமை?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சிபாரிசு இருந்தது, அதில் சந்தேகமே இல்லை. 1810 டிசம்பரில் அந்தப் பையன் மிட்ஷிப்மேன், அதாவது பயிற்சி அதிகாரி, ஆனது கேப்டன் டேவிட் போர்ட்டரின் செல்வாக்கால்தான். ஆனால் போர்ட்டர் வீட்டுக்கு அவன் எப்படி வந்தான் என்பதையும் பாருங்கள். அப்பா ஜோர்டி, மத்தியதரைக் கடலில் இருக்கும் மினோர்கா தீவுக்காரர், அமெரிக்க விடுதலைப் போரில் சண்டையிட்டவர். 1808இல் நியூ ஆர்லியன்ஸ் பக்கத்து ஏரியில் மீன் பிடிக்கப் போய் வெயில் தாக்கிப் படகில் மயங்கிக் கிடந்த ஒரு முதியவரை வீட்டுக்குத் தூக்கிவந்து குடும்பமே பார்த்துக்கொண்டது. அவர் போர்ட்டரின் தந்தை. அவர் பிழைக்கவில்லை, அதே சமயத்தில் பையனின் அம்மாவும் மஞ்சள் காய்ச்சலில் போய்விட்டார், இருவரையும் ஒரே நாளில் அடக்கம் செய்தார்கள். அந்த நன்றிக்குத்தான் போர்ட்டர் ஒரு பிள்ளையை வளர்க்கிறேன் என்று கேட்டு வாங்கிப்போனார். அம்மா செத்து, அப்பாவையும் பிரிந்து போன பிள்ளை அது. எனக்கு அங்கே ஏணி முதலில் கண்ணில் படவில்லை.

சரி, கப்பலில் என்ன சலுகை கிடைத்தது? பிரிட்டனோடு போர் நடந்த காலத்தில், 12 வயதில், பார்க்லே என்ற கப்பலைப் பசிபிக் கடலில் சிலி நாட்டு வால்பரைசோ துறைமுகத்துக்குக் கொண்டுபோகும் பொறுப்பு. கப்பலின் பழைய கேப்டன், ஒரு சின்னப் பையனின் உத்தரவைக் கேட்பதா என்று கத்திவிட்டுத் துப்பாக்கி எடுக்கக் கீழே போனார். துப்பாக்கியோடு மேலே வந்தால் கடலில் தூக்கிப் போடுவோம் என்று பையன் சொல்லியனுப்பினான். கப்பல் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. மறு வருடம் மார்ச் மாதம் அதே வால்பரைசோவில் போர்ட்டரின் எஸ்ஸெக்ஸ் கப்பலை இரண்டு பிரிட்டிஷ் கப்பல்கள் சுட்டுச் சிதைத்தபோது அவன் வெடிமருந்து சுமந்து ஓடிக்கொண்டிருந்தான். முகத்தில் குண்டு பட்ட ஒரு பீரங்கிக்காரர் அவன்மேல் சாய, இருவரும் கீழ்த்தளத்துக்கு உருண்டார்கள். கேப்டனின் வளர்ப்புப் பிள்ளை என்று குண்டு விலகிப் போகவில்லை.

நீங்கள் கவனிக்காமல் விட்டது இதற்கு அப்புறம் நடந்ததைத்தான். 1825இல் ஃபாரகட் லெப்டினென்ட் ஆனார். அதே வருடம் போர்ட்டர் ராணுவ நீதிமன்றத்தில் நின்றார், தண்டனை பெற்றார், மறு வருடம் ராஜினாமா செய்துவிட்டு மெக்சிகோ கடற்படைக்குப் போய்விட்டார். சிபாரிசு செய்ய ஆளே இல்லை. அதற்குப் பின் கமாண்டர் பதவிக்கு 1841 வரை, கேப்டன் பதவிக்கு 1855 வரை காத்திருந்தார். மேலே ஒருவர் செத்தாலோ விலகினாலோதான் அடுத்தவருக்கு இடம் என்று கடற்படையே வரிசையில் நின்ற காலம், அந்த வரிசையில் இவரும் நின்றார். அட்மிரல் என்பது மன்னராட்சி வாடை அடிக்கிற பட்டம் என்று அந்த நாட்டில் அப்படி ஒரு பதவியே அப்போது கிடையாது. அந்த வருடங்களில் நோயாளியான முதல் மனைவியை 1840இல் அவர் இறக்கும்வரை பார்த்துக்கொண்டார். அந்த மனிதரை நான் மதிப்பதற்கு முக்கியக் காரணம் வெளியே யாருக்கும் தெரியாத இந்த நீண்ட காலம்தான்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கி, 1861 ஏப்ரலில் வர்ஜீனியா மாநிலம் தெற்கோடு சேர்ந்து நாட்டிலிருந்து பிரிந்தபோது அவர் அங்கே நார்ஃபோக்கில் குடியிருந்தார். பிறந்தது தென் மாநிலம், இரண்டாவது மனைவியின் சொந்தங்கள் எல்லாம் அந்த ஊரில். எல்லாவற்றையும் விட்டு வடக்கே போனார். அங்கும் உடனே நம்பவில்லை, யாரை ஓய்வில் அனுப்பலாம் என்று முடிவு செய்யும் குழுவில் ஒரு நாற்காலி கொடுத்து 60 வயதுக்காரரை உட்கார வைத்தார்கள். அப்புறம் தெற்கின் வசம் இருந்த நியூ ஆர்லியன்ஸைப் பிடிக்க ஒரு தளபதி தேவைப்பட்டபோது, இவர் மனநிலை என்ன என்று அறிந்துவர அனுப்பப்பட்டவர் போர்ட்டரின் சொந்த மகன் டேவிட் டிக்சன் போர்ட்டர். ஆமாம், இங்கே குடும்பம் மறுபடி உதவியது, மறைக்க மாட்டேன். ஆனால் 1862 ஏப்ரல் 24 இருட்டில் இரண்டு கோட்டைகளின் பீரங்கிகளுக்கு நடுவே மிசிசிப்பியில் கப்பல்களை ஓட்டிப்போனது அவர். அம்மா செத்த ஊரை நோக்கிப் பீரங்கியோடு போவது எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அந்த ஜூலையில்தான் அட்மிரலுக்குக் கீழ்ப்படியான ரியர் அட்மிரல் பதவியே உருவாக்கப்பட்டு அவருக்குக் கிடைத்தது.

இரண்டு வருடம் கழித்து, தெற்கின் வசம் இருந்த அலபாமா மாநிலத்து மொபைல் வளைகுடாவில், அவர் படையின் டெகம்சே என்ற இரும்புக்கவசக் கப்பல் கண்ணிவெடியில் சிக்கிச் சில நிமிடங்களில் மூழ்கியது. முன்னால் போன கப்பல் தயங்கி நிற்க, பாய்மரக் கயிறுகளில் தன்னைக் கட்டிக்கொண்டு நின்ற 63 வயது ஃபாரகட் தன் கப்பலைக் கண்ணிவெடிகளுக்கு உள்ளேயே செலுத்தச் சொன்னார். கீழே வெடிகளின் விசைகள் சொடுக்குவது மாலுமிகளுக்குக் கேட்டது, ஆனால் வெடிக்கவில்லை. 1866இல் முழு அட்மிரல் ஆனார், நான்கு வருடத்தில் இறந்தார்.

இரண்டாவது அட்மிரல் அந்த டிக்சன் போர்ட்டர்தான். 1862இல் மூத்தவர்கள் பலரைத் தாண்டி ஒரே தாவலில் மேலே கொண்டுவரப்பட்டவர். அவரைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டிருந்தால் நான் இவ்வளவு உறுதியாகப் பதில் சொல்லியிருக்க மாட்டேன்.