டேட்டா புரோக்கர்களிடமிருந்து நம் விவரங்களை நீக்கித் தரும் சேவைகளில் எதை எடுப்பது?

கேள்வி: டெக்சஸில் இருக்கிறோம், சமீபத்தில்தான் வீடு வாங்கினோம். கூகுளில் என் பெயரைப் போட்டால் முகவரி, வயது, செல்போன் எண், மாமியார் பெயர் வரை வருகிறது. இப்படி விவரங்களைச் சேகரித்து விற்கும் டேட்டா புரோக்கர்களிடமிருந்து அவற்றை நீக்கித் தரும் சேவைகள் என்று டெலீட்மீ, இன்காக்னி, ஆப்டெரி என ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதற்குப் பணம் கட்டலாம்?

பதில்:

இப்போதைக்கு எதற்கும் கட்ட வேண்டாம். ஒரு சனிக்கிழமை காலையில் உட்கார்ந்து, பெரிய தளங்களில் இருப்பதை நீங்களே எடுத்துவிடுங்கள். மிச்சம் இருப்பதற்கும் திரும்ப முளைப்பதற்கும் மட்டும் ஒரு சேவை எடுத்தால் போதும். அதற்கும் விலை குறைந்த ஈஸிஆப்ட்அவுட்ஸ் போதும் என்பது என் கட்சி.

விளம்பரத்தை நம்பி இதில் இறங்கவே கூடாது. யூடியூபில் யாரைப் பார்த்தாலும் வீடியோவுக்கு நடுவே இந்தச் சேவைகளில் ஒன்றைப் புகழ்ந்துவிட்டு கூப்பன் கோடு கொடுக்கிறார்கள். 'சிறந்த ஐந்து' வகைப் பட்டியல்களும் பெரும்பாலும் கமிஷன் சமாச்சாரம்தான். கமிஷன் வாங்காமல் சோதித்துப் பார்த்தவர்கள் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்புக்காரர்கள். 2024 ஆகஸ்டில் வெளியான அந்த ஆய்வில் 32 தன்னார்வலர்களின் விவரங்களை பெயரைப் போட்டால் ஆளின் விவரத்தைக் காட்டும் 13 பீப்பிள் சர்ச் தளங்களில் தேடி எடுத்து, ஏழு சேவைகளிடம் வேலையைக் கொடுத்து நான்கு மாதம் பார்த்தார்கள். 332 பதிவுகளில் 117தான் போயின. 35 சதவீதம்! சேவை எதுவும் இல்லாமல் தளத்திடமே நேரடியாக நீக்கச் சொல்லி (ஆப்ட்-அவுட்) கையால் செய்தவற்றில் 70 சதவீதம் ஒரே வாரத்தில் காணாமல் போயின.

சேவைகளில் ஆப்டெரி நீக்கியது 68 சதவீதம், ஈஸிஆப்ட்அவுட்ஸ் 65 சதவீதம். அவர்கள் சோதித்த ஆப்டெரி திட்டத்துக்கு அப்போது வருடத்துக்கு 249 டாலர், ஈஸிஆப்ட்அவுட்ஸுக்கு 20 டாலர். எல்லோரும் பேர் சொல்லும் டெலீட்மீ 27 சதவீதத்தில் நின்றுவிட்டது. மூன்று சதவீத வித்தியாசத்துக்கு 229 டாலர் கூடக் கொடுக்க எனக்கு மனசு வராது. ஆப்டெரியில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு: நீக்குவதற்கு முன்னும் பின்னும் ஸ்கிரீன்ஷாட் காட்டுகிறார்கள். இலவசக் கணக்கு திறந்தாலே எந்தெந்தத் தளங்களில் மாட்டியிருக்கிறீர்கள் என்று ஒரு அறிக்கை கொடுத்துவிடுவார்கள். அதை வாங்கி வைத்துக்கொண்டு கைவேலையை ஆரம்பிக்கலாம்.

இன்காக்னி அந்தச் சோதனையில் இல்லை. அதை எடைபோடுவதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும். புரோக்கர்களில் இரண்டு வகை உண்டு. ஸ்போக்கியோ, வைட்பேஜஸ், பீன்வெரிஃபைடு மாதிரி யார் வேண்டுமானாலும் உங்கள் பெயரைத் தேடிப் பார்க்கக்கூடிய தளங்கள் ஒரு வகை. ஆக்ஸியம், எப்சிலான் மாதிரி கம்பெனிகளுக்கு மட்டும் மொத்தமாக விற்பவர்கள் இன்னொரு வகை. இவர்களிடம் உங்களைப் பற்றி என்ன இருக்கிறது என்று கூகுளில் தேடித் தெரிந்துகொள்ள முடியாது. இன்காக்னி இந்த இரண்டாம் வகைக்கும் நிறையக் கோரிக்கைகள் அனுப்புகிறது. நல்லதுதான், ஆனால் 'முடிந்தது' என்று டாஷ்போர்டு சொன்னால் நம்பிக்கொள்ள வேண்டியதுதான், சரிபார்க்க வழி கிடையாது. 'நூற்றுக்கணக்கான தளங்கள்' என்று விளம்பரத்தில் வரும் எண்ணிக்கை இப்படித்தான் ஏறுகிறது. உங்கள் தலைவலி முதல் வகை. அதனால் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். கூகுளில் உங்கள் பெயருக்கு முதல் இரண்டு பக்கத்தில் வருகிற தளங்கள் அவர்கள் பட்டியலில் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

கையால் எடுப்பது பெரிய வித்தை இல்லை. இதற்கென்று தனியாக ஒரு ஜிமெயில் திறந்துகொள்ளுங்கள். ட்ரூபீப்பிள்சர்ச் என்றால், பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் 'என் விவரங்களை விற்காதே' என்ற பொருளில் ஒரு இணைப்பு இருக்கும். அதில் மின்னஞ்சல் கொடுத்து, நான் ரோபோ இல்லை என்று நிரூபித்து, உங்கள் பதிவைத் தேடித் திறந்து நீக்கும் பட்டனை அழுத்தினால் ஒரு மெயில் வரும். அதில் உள்ள இணைப்பைத் தட்டினால்தான் கோரிக்கை செல்லும். அந்த மெயில் ஸ்பேமில் கிடக்கும், பலரும் அதோடு விட்டுவிடுகிறார்கள். ஸ்போக்கியோவில் உங்கள் பதிவு இருக்கும் பக்கத்தின் இணைய முகவரியைக் காப்பி செய்து ஒட்ட வேண்டும். இன்டெலியஸ், ட்ரூத்ஃபைண்டர், இன்ஸ்டன்ட் செக்மேட், யுஎஸ் சர்ச் நான்குமே பீப்பிள்கனெக்ட் என்ற ஒரே கம்பெனியுடையவை. அவர்களுடைய சப்ரஷன் (பதிவை மறைக்கும்) பக்கத்தில் ஒருமுறை செய்தால் நான்கிலும் மறையும். யாராவது ஓட்டுநர் உரிமத்தின் படம் கேட்டால் போட்டோவையும் உரிம எண்ணையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

இனி, விளம்பரப் பட்டியல்கள் எதிலும் வராத ஒரு விஷயம். நம்முடைய பெயர். ஸ்மித், ஜான்சன்களை மனதில் வைத்து எழுதிய மென்பொருள்கள் இவை. முதல் பெயர், கடைசிப் பெயர், பிறந்த வருடம், ஊர் என்று நான்கைக் கொடுத்தால் வலை வீசிவிடும். நமக்கோ அப்பா பெயர் கடைசிப் பெயராகிறது, சில ஆவணங்களில் அதுவே முதல் பெயராகிவிடுகிறது. பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தால் விசாவில் முழுப் பெயரும் சர்நேமுக்குப் போய், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழும். அதை வைத்து ஓட்டுநர் உரிமம் வாங்கி, அதே பெயரில் மின் இணைப்பும் எடுத்திருப்போம். பிறகு குடியுரிமை வாங்கும்போது பெயரைச் சரிசெய்வோம். செந்தில்குமார் ஓரிடத்தில் ஒரே சொல், இன்னோரிடத்தில் செந்தில் தனி, குமார் தனி. விளைவு, ஒரே தளத்தில் ஒரே ஆளுக்கு மூன்று நான்கு பதிவுகள். சேவை அவற்றில் ஒரு பதிவை மட்டும் நீக்கிவிட்டு 'வெற்றி' என்று பச்சை டிக் போடும், மற்றவை அப்படியே நிற்கும்.

ஆகவே சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது என் முதல் கேள்வி, எத்தனை மாற்றுப் பெயர்களும் பழைய முகவரிகளும் சேர்க்க விடுகிறார்கள் என்பதுதான். அதற்குக் கூடுதல் கட்டணமா என்றும் கேளுங்கள். பிறகு உங்கள் பெயர் எப்படியெல்லாம் சிதைந்திருக்கிறது என்று பழைய அபார்ட்மென்ட் லீஸ், கார் இன்ஷூரன்ஸ், வங்கிக் கடிதங்களைப் பார்த்துக் குறித்துக்கொண்டு எல்லாவற்றையும் ஏற்றுங்கள். செல்போன் எண்ணை வைத்துத் திருப்பித் தேடிப் பார்ப்பதும் நல்லது. பெயர் எப்படிச் சிதைந்தாலும் எண் ஒன்றுதானே.

மாமியார் பெயர் எப்படி வந்தது என்றால், ஒரே முகவரியில் பதிவானவர்களையெல்லாம் இந்தத் தளங்கள் 'உறவினர்' என்று முடிச்சுப் போட்டுவிடும். கிரீன் கார்டு வாங்கி உங்களோடு இருக்கிறவர் என்றால் அவருக்கும் தனிப் பதிவு இருக்கும். உங்கள் பதிவு போனாலும் அவர் பதிவில் நீங்கள் 'உறவினர்' என்று தொங்கிக்கொண்டிருப்பீர்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்தால்தான் உண்டு. மலிவான சேவையை நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். நான்கு பேருக்கு 249 டாலர் வீதம் கட்டினால் ஊருக்கு ஒரு டிக்கெட்டே போடலாம்.

எந்தச் சேவையாலும் தொட முடியாதது கவுன்ட்டி ஆவணம். ஃபிரிஸ்கோ, பிளேனோ பக்கம் வீடு என்றால் காலின் கவுன்ட்டி அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் (சொத்து வரிக்காக வீட்டை மதிப்பிடும் அலுவலகம்) தளத்தில் உங்கள் பெயரைப் போட்டுப் பாருங்கள். வீடும் அதன் மதிப்பும் வரும். நீதிபதி, போலீஸ் போன்ற சிலருக்குத்தான் அதை மறைக்கச் சட்டம் இடம் தருகிறது. வீடு வாங்கினதும் பதிவுகள் புதிதாக முளைப்பது இதிலிருந்துதான். நீக்கிய பிறகும் புது டீட் (வீட்டுப் பத்திரம்), புது முகவரி என்று ஏதாவது கிடைத்தால் தளம் உங்களைப் புது ஆளாக எண்ணி இன்னொரு பதிவு போட்டுவிடும். கூகுளின் 'ரிசல்ட்ஸ் அபவுட் யூ' வசதியும் தேடல் முடிவிலிருந்து மறைக்குமே தவிர, தளத்தில் இருப்பதை அழிக்காது.

அடுத்தது, கம்பெனி யாருடையது? பெயர், பிறந்த தேதி, பழைய முகவரிகள், எண்கள் என்று புரோக்கர் ஆசைப்படுகிற அத்தனையையும் நாமே வரிசையாக எழுதி இவர்களிடம் கொடுக்கிறோம். 2024 பிப்ரவரியில் ஃபயர்ஃபாக்ஸின் மொஸில்லா, மானிட்டர் பிளஸ் என்று ஒரு நீக்கல் சேவை தொடங்கியது. உள்ளே வேலை செய்தது ஒன்ரெப் என்ற கம்பெனி. மார்ச்சில் பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸ் தோண்டியபோது, ஒன்ரெப்பின் தலைவரே டஜன் கணக்கில் பீப்பிள் சர்ச் கம்பெனிகளைத் தொடங்கியவர் என்பது வெளியே வந்தது. அவற்றில் நூபர் என்பதில் இன்னும் பங்கு வைத்திருப்பதை அவரே ஒப்புக்கொண்டார். மொஸில்லா உறவை முறித்துக்கொள்வதாக அறிவித்தது. மொஸில்லாவுக்கே இந்த நிலை. கார்டு எண்ணைக் கொடுப்பதற்கு முன் நிறுவனர் பெயரையும் தாய்க் கம்பெனியையும் ஒருமுறை தேடிவிடுங்கள். 'எங்களைப் பற்றி' பக்கத்தில் ஆள் பெயரே இல்லாத சேவையை நான் தொடவே மாட்டேன்.

'என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது' என்று வீட்டில் யாராவது சொன்னால் 2016 வழக்கைச் சொல்லுங்கள். அகமதாபாத் கால் சென்டர்களிலிருந்து ஐ.ஆர்.எஸ். (வரித்துறை), குடிவரவு அதிகாரி என்று சொல்லி அமெரிக்காவில் இருப்பவர்களை மிரட்டிப் பணம் பறித்த கும்பல் மீது அமெரிக்க நீதித்துறை வழக்குப் போட்டது. யாரைக் கூப்பிடுவது என்ற விவரங்களை டேட்டா புரோக்கர்களிடமிருந்தும் எடுத்தார்கள் என்று அந்தக் குற்றச்சாட்டிலேயே இருக்கிறது. முகவரியைச் சரியாகச் சொல்லி 'டிபோர்ட் செய்வோம்' என்று ஒருவன் பேசினால் வயதானவர்கள் நடுங்கிப் போவார்கள்.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் இதைப் படித்தால்: உங்களுக்கு அரசாங்கமே இலவசமாக 'டிராப்' என்ற தளம் வைத்திருக்கிறது. 2026 ஜனவரி 1 முதல் ஒரே இடத்தில் கோரிக்கை போடலாம். பதிவு செய்த புரோக்கர்கள் எல்லோரும் ஆகஸ்ட் 1 முதல் 45 நாளுக்கு ஒருமுறை அதைப் பார்த்து நீக்க வேண்டும் என்பது சட்டம். அரசின் பொது ஆவணத்தில் இருப்பது இதில் அடங்காது. டெக்சஸில் புரோக்கர்கள் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் இருக்கிறது, இப்படி ஒரு பட்டன் இல்லை.

கடன் மோசடிதான் உங்கள் பயம் என்றால் இந்தச் சேவை எதுவும் உதவாது. கடன் வரலாற்றை வைத்திருக்கும் எக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றிலும், உங்கள் பெயரில் யாரும் புதுக் கடன் எடுக்க முடியாதபடி கிரெடிட் ஃப்ரீஸ் போடுங்கள். 2018 செப்டம்பர் முதல் அது இலவசம்.

பணம் கட்டுவதானால் ஒரு கணக்கு: பல சேவைகள் 30 நாளுக்குள் கேட்டால் பணத்தைத் திருப்பித் தருகின்றன. ஆனால் நீக்கல் கோரிக்கைக்குப் பதில் சொல்ல மாநிலச் சட்டங்கள் புரோக்கருக்குத் தரும் அவகாசம் பொதுவாக 45 நாள். வேலை நடந்ததா என்று தெரிவதற்குள் பணத்தைத் திருப்பிக் கேட்கும் காலம் முடிந்துவிடும். அதனால் கட்டின அன்றே எல்லாப் பதிவுகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாலாவது வாரம் இன்காக்னிட்டோ விண்டோவில் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். பெரிய தளங்களில் ஒன்றுகூட அசையவில்லை என்றால் அன்றைக்கே ரீஃபண்ட் கேட்டுவிடுங்கள், கூடவே ஆட்டோ ரினியூவலையும் அணைத்துவிடுங்கள்.