பேலியோவில் எடை குறைந்தும் எஸ்ஜிபிடி ஏறியது ஏன்?

பேலியோவில் (அரிசி, கோதுமையைத் தவிர்த்துக் கொழுப்பை அதிகம் சாப்பிடும் உணவு முறை) எடை குறைந்தும் எஸ்ஜிபிடி (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை எண்) ஏறியதற்குப் பாதாம்தான் காரணமா, மதியத்தில் அசதியாகவும் இருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். பாதாம் காரணமாக இருக்காது. 3 மாதத்தில் 9 கிலோ குறைந்தும் எஸ்ஜிபிடி 38-லிருந்து 72 ஆனதற்கு, காலையில் வெண்ணெய் காபி, மதியம் நெய்யில் மிதக்கும் பனீர், ராத்திரி தேங்காய் எண்ணெய் ஆம்லெட் என்று எழுதியிருக்கிறீர்களே, அதன் மேல்தான் எனக்குச் சந்தேகம். இவற்றில் அதிகம் இருக்கும் நிறைவுற்ற கொழுப்பு அளவு மீறினால் மற்ற கொழுப்பைவிடக் கல்லீரலில் அதிகம் படியும். எடை வேகமாகக் குறைந்தாலும் எஸ்ஜிபிடி கொஞ்ச நாள் ஏறலாம்.

4 வாரம் வெண்ணெய் காபியை விட்டு, நெய்யை ஒரு ஸ்பூனாக்கி, காசிமேட்டு மத்தி, கடலை எண்ணெய் என்று மாற்றிவிட்டு மறுபடி டெஸ்ட் எடுங்கள். அதற்கு முந்தைய ஒரு வாரம் ஜிம்மில் கனமான எடை தூக்காதீர்கள், கடும் பயிற்சியில் தசை பாதிக்கப்பட்டாலும் இந்த எண் ஏறலாம்.

மதிய அசதிக்கு உப்பு போட்ட மோர் உதவும், பிபி இருந்தால் வேண்டாம். சுகர் மாத்திரை போடுகிறீர்களா? அப்படியென்றால் டாக்டரைக் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள். கண் மஞ்சளானால் 4 வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது, அன்றே போய்ப் பாருங்கள்.