கடைக்காரர் முப்பது மீன் என்கிறார், நம்பலாமா?

கேள்வி: இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரத்தில் செடி வைத்த மீன்தொட்டி போட்டு இரண்டு மாதமாகிறது. 10 நியான் டெட்ரா, 4 ஏஞ்சல், 2 கோல்டு ஃபிஷ், பாசி தின்ன ஒரு சக்கர் ஃபிஷ் விட்டிருக்கிறேன். இன்னும் நிறைய இடம் காலியாகத் தெரிகிறது. "செடி இருக்கே, ஆக்ஸிஜன் தாராளமா கிடைக்கும், முப்பது மீன் வரை தாங்கும், காம்போவா எடுத்தா குறைச்சுத் தரேன்" என்கிறார் கடைக்காரர். ஆனால் கொஞ்ச நாளாக விடிகாலையில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. ஒன்பது மணிக்கெல்லாம் சரியாகிவிடுகிறது. காம்போவை வாங்கலாமா?
(சென்னை வாசகர்)

பதில்: வேண்டாம். இருக்கிற மீனிலேயே ஏழு மீனைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நிலையில் இருக்கிறீர்கள்.

செடி ஆக்ஸிஜன் தரும் என்பது பொய்யில்லை, அரை உண்மை. லைட் எரியும்வரைதான் அது தரும். அணைத்த பிறகு செடியும் மீனைப் போலவே ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை விடும். ஃபில்டரில் வாழும் பாக்டீரியாவும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். இரவெல்லாம் குறைந்துகொண்டே வந்து, விடிவதற்குச் சற்று முன்புதான் ஆக்ஸிஜன் அடிமட்டத்துக்குப் போகும். உங்கள் மீன்கள் மேலே வருவது அந்த நேரத்தில்தான். சென்னை வெயில் இதை இன்னும் கெடுக்கும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரைந்து நிற்கும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். அதனால் தொட்டியில் இடம் இருக்கிறதா என்று மாலையில் சோபாவில் உட்கார்ந்து பார்க்காதீர்கள். காலை ஐந்தரைக்கு டார்ச் அடித்துப் பாருங்கள்.

இன்று இரவே செய்ய வேண்டியது: லைட் அணைந்ததும் ஏர் பம்ப் ஓடட்டும். ஃபில்டர் தண்ணீர் விழும் வாயைக் கொஞ்சம் உயர்த்தி, மேற்பரப்பு சலசலக்கும்படி வையுங்கள். செடிக்கு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்திருந்தால் லைட்டோடு சேர்த்து அதையும் நிறுத்துங்கள்.

அடுத்தது அளவு. கணக்குப்படி உங்கள் தொட்டி 70 லிட்டர். மண், கல், மரக்கட்டை, மேலே விட்ட இரண்டு இஞ்ச் எல்லாம் போக 55 லிட்டர் தேறினால் பெரிது. கடையில் பாலித்தீன் கவரில் வந்த ஏஞ்சல் ஐந்து ரூபாய்க் காசு அளவுதான் இருந்திருக்கும். ஆனால் வளர்ந்தால் உடம்பே ஆறு இஞ்ச் வரை போகும், துடுப்போடு உயரம் அதற்கும் மேலே. ஜோடி சேர்ந்துவிட்டால் மற்ற இரண்டையும் மூலைக்கு விரட்டும். நியானை இப்போது ஒன்றும் செய்யாது. வாய் பெரிதானதும் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும், நீங்கள் ஃபில்டருக்குள் தேடிக்கொண்டிருப்பீர்கள். கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன், கழிவும் அதிகம், மென்மையான செடியை மேய்ந்தும் விடும். சக்கர் ஃபிஷ் கதையை என் வீட்டிலேயே பார்த்தேன். இரண்டு இஞ்ச்சில் வாங்கியது ஒரே வருடத்தில் முழங்கை நீளம் ஆனது. ராத்திரி இரண்டு மணிக்குக் கல்லைப் புரட்டும் சத்தத்தில் எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். பாசியை அது குட்டியாக இருந்தபோது தின்றதோடு சரி. தயவுசெய்து ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். அப்படி விட்டதெல்லாம் பெருகி இப்போது மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது.

ஏஞ்சல், கோல்டு ஃபிஷ், சக்கர் மூன்றையும் வாங்கிய கடையிலேயே கேட்டுப் பாருங்கள். முழு விலை கிடைக்காது. ஆனால் மருந்துக்கோ செடிக்கோ மாற்றாக எடுத்துக்கொள்ளும் கடைகள் உண்டு. மிச்சமிருக்கும் பத்து நியானோடு ஆறு கோரி (அடியில் மேயும் குட்டிக் கெளுத்தி), ஒரு ஹனி கௌரமி என்ற சின்ன மீன். அவ்வளவுதான். அதையும் ஒரே நாளில் விடாதீர்கள். முதலில் கோரி, மூன்று வாரம் கழித்து கௌரமி. மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா, புதிய சுமைக்கு ஏற்பப் பெருக நாளாகும். தண்ணீரைச் சோதிக்க ஒரு டெஸ்ட் கிட் வாங்குங்கள், காம்போவைவிட உருப்படியான செலவு. அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் காட்டினால்தான் அடுத்த மீன். போர் தண்ணீர் ஊற்றுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.ஹெச். எட்டைத் தொட்டால், அதே அளவு அம்மோனியா பல மடங்கு விஷமாகும்.

கேள்வி: ஒரு கேலனுக்கு (சுமார் 3.8 லிட்டர்) ஓர் இஞ்ச் மீன் என்ற கணக்கு சரிதானா?

பதில்: நியான் மாதிரிச் சின்ன மீனுக்கு ஓரளவு பொருந்தும், அதுவும் வளர்ந்த நீளத்தை வைத்துக் கணக்கிட்டால். நீளம் இரண்டு மடங்கானால் எடை ஏறக்குறைய எட்டு மடங்காகும். பத்து இஞ்ச் ஆஸ்கர் மீன் ஒன்றும் ஓர் இஞ்ச் நியான் பத்தும் ஒன்றாகுமா? ஸ்கேலில் சரியாக வரும், தண்ணீரில் வராது.

கேள்வி: பெரிய ஃபில்டர் மாட்டினால் மீன் கூட்டலாம் என்கிறார்களே?

பதில்: கழிவைக் கையாள உதவும். நீந்தும் இடத்தைக் கூட்டாது, சண்டையைக் குறைக்காது, நைட்ரேட்டையும் வெளியே எடுக்காது. அதற்கு வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றித்தான் ஆக வேண்டும். இன்னொன்று, கரண்ட் போய் ஃபில்டர் நின்றால் நெருக்கமான தொட்டிதான் முதலில் சாகும்.

கேள்வி: இரண்டே இரண்டு ஜோடி கப்பி மீன்தான் வாங்கினேன். இப்போது எண்ண முடியவில்லை.

பதில்: பெண் கப்பி சுமார் நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும். ஆணைப் பிரித்தாலும் சேர்த்து வைத்த விந்தைக் கொண்டு மாதக்கணக்கில் போட்டுக்கொண்டே இருக்கும். கடைக்காரர் ஜோடி ஜோடியாகத்தான் கவரில் போட வருவார். அடுத்த முறை வலையைக் காட்டி, ஆணாகப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். வால் அகலமாக, நிறம் பளிச்சென்று இருப்பதுதான் ஆண். இப்போதிருக்கும் குட்டிகளைத் தனித் தொட்டியில் ஒரு மாதம் வளர்த்தால் அக்கம்பக்கத்தில் வாங்கிக்கொள்ளச் சின்னப் பிள்ளைகள் இருப்பார்கள். கொடுக்கும்போது அவர்கள் வீட்டுத் தொட்டி எத்தனை லிட்டர் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.